மாப்பிள்ளைக்கு எழுதிய சாவு

ஜூன் 5, திங்கள்

இன்று காலை காபி ஆறுவதற்குள் ஒரு சீமந்தம், இரண்டு சொத்துத் தகராறு, விஷம் கலந்த பாயசம் ஒரு கிண்ணம், எல்லாவற்றையும் எழுதி முடித்தேன். பிறகு ஷூட்டிங்குக்குப் போய் அந்தப் பாயசத்தை நானே கலக்கினேன். பிரம்மாவுக்குக்கூடப் படைப்பதோடு வேலை முடிந்தது. எனக்குப் படைத்ததை நடித்தும் காட்டவேண்டும்.

'மருதாணி வீடு' தொடருக்கு வசனம் பூவராகன். அதே தொடரில் குடும்பத்தைக் குட்டிச்சுவராக்கும் தர்மலிங்க மாமாவும் பூவராகன். தமிழ் பேசுகிற ஏழு கண்டங்களிலும் என்னைச் சபிக்காத பெண்கள் இல்லை. போன வாரம் மார்க்கெட்டில் கீரைக்காரம்மா என் மேல் ஒரு முருங்கைக்கீரைக் கட்டை வீசினாள். வீட்டுக்குக் கொண்டுவந்து பொரியல் செய்து சாப்பிட்டோம்.

ஆனால் இந்த நோட்டு என் புகழைப் பாடுவதற்கு அல்ல. அதற்குத் தனி நோட்டு இருக்கிறது. இது மாப்பிள்ளை மதிவாணனைத் திருத்தும் நோட்டு.

அக்கா போனபோது அவள் பெண் தேவசேனாவுக்கு ஒன்பது வயது. நான்தான் வளர்த்தேன். கல்யாணமே செய்துகொள்ளாமல் வளர்த்தேன். பெண் கிடைக்கவில்லை என்று சொல்கிறவர்கள் நாக்கு அழுகட்டும். நெய்வேலியில் செல்போன் கடையில் நின்றிருந்தவனைப் பிடித்து அவளுக்குக் கட்டிவைத்தேன். அவனையே தொடரில் கதாநாயகனாகவும் ஆக்கினேன். என் நிபந்தனை ஒன்றே ஒன்று: கே.கே. நகரில் என் வீட்டு மாடியில்தான் இருக்கவேண்டும். இரண்டு வருஷம் இருந்தான். போன மாதம் வளசரவாக்கத்தில் வீடு பிடித்துப் போய்விட்டான். "ஷூட்டிங்குக்குப் பக்கம் மாமா" என்றான். என் வீட்டிலிருந்தும் கிட்டத்தட்ட அதே தூரம்தான். இரண்டு முறை ஆட்டோவில் போய் அளந்தேன்.

சேனா போகவில்லை. "மாமாவைத் தனியா விட்டுட்டு எப்படிங்க வர்றது" என்று அவள் போனில் சொன்னதை என் இரண்டு காதாலும் கேட்டேன். கதவுக்குப் பின்னால் நின்றதால் ஒரு காதால்.

அவன் திரும்பி வரவேண்டும். வராவிட்டால் என்றைக்காவது ஒருநாள் இவளும் பின்னாலேயே போவாள். பிறகு எனக்கு யார் ரசம் வைப்பது? சட்டம், போலீஸ், பஞ்சாயத்து எதுவும் வேண்டாம். பேனா என் கையில் இருக்கிறது. மாப்பிள்ளையின் தலை அந்தப் பேனாவுக்கு நேர் கீழே இருக்கிறது.

ஜூன் 7, புதன்

மாப்பிள்ளைக்கு முதல் கஷாயம். கல்யாண மண்டபத்தில் மருமகன் எச்சில் இலை எடுக்கும் காட்சி.

இயக்குநர் எட்வின் சுத்தமான இலைகளை வாங்கி வைத்திருந்தான். நான் ஒப்புக்கொள்ளவில்லை. கலை என்றால் நிஜம் வேண்டும். மதியம் யூனிட் சாப்பிட்டு முடித்த அறுபத்திரண்டு இலைகளையும் அப்படியே விடச் சொன்னேன். லைட்மேன்கள் அன்றைக்கென்று பாயசத்தை இலையில் ஊற்றிக்கொண்டிருந்தார்கள்.

மதிவாணன் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வந்து நின்றான். "மாமா, சாம்பார் இலையை முதல்ல எடுக்கவா, மோர் இலையையா? கன்டினியூட்டி உதைக்கக் கூடாதில்ல?"

"உங்க இஷ்டம் மாப்பிள்ளை. வீட்டுக்கு வந்துட்டா இதெல்லாம் சேனாவே எடுப்பா."

"அங்க இருந்தப்பவும் நான்தானே மாமா எடுத்தேன்" என்றான், சிரித்தபடி. கொழுப்பு குறையவில்லை. அறுபத்திரண்டையும் எடுத்தான்.

ஜூன் 9, வெள்ளி

இட்லிப் பானையைக் காணோம். மூன்று கடையில் இட்லி வாங்கித் தின்றேன். மூன்றுமே கல்லறைக் கல்.

ஜூன் 14, புதன்

எச்சில் இலை ஒளிபரப்பாகி டி.ஆர்.பி. ராக்கெட் ஏறிவிட்டது. சேனல்காரர்கள் எனக்குப் பூங்கொத்து அனுப்பினார்கள். நாட்டில் உள்ள தாய்மார்கள் அத்தனை பேரும் மதிவாணனுக்காக அழுதார்களாம்; ஏரிகளின் நீர்மட்டம் உயர்ந்ததாகக் கேள்வி. அவனைப் போரூரில் ஒரு நகைக்கடை திறக்கக் கூப்பிட்டிருக்கிறார்கள். என்னை இதுவரை ஒரு பெட்டிக்கடைகூடத் திறக்கக் கூப்பிட்டதில்லை. நான் போனால் கடைக்கு ராசி இருக்காதாம். முப்பது வருஷ நடிப்பு. ரிப்பன் வெட்ட ஒரு கத்தரிக்கோல் கிடையாது.

எனக்குப் பொறாமை இல்லை. பதிவுக்காக எழுதிவைக்கிறேன்.

சேனா மொட்டைமாடியில் அரைமணி நேரம் போனில் பேசிவிட்டு இறங்கினாள். முகம் சிவந்திருந்தது. பிரிவுத் துயரம். மேலோட்டமாகப் பார்க்கிறவர்களுக்குச் சிரிப்பு மாதிரி தெரியும்.

"என்னம்மா சொல்றார் உன் வீட்டுக்காரர்?"

"இலை எடுத்து எடுத்து இடுப்பு புடிச்சுக்கிச்சாம் மாமா. உங்களுக்கு இன்னும் கொஞ்சம் கூட்டு வைக்கட்டுமா?"

பாவம், துக்கத்தை மறைக்கக் கூட்டு வைக்கிறாள்.

ஜூன் 17, சனி

இப்போது தையல் மெஷினைக் காணோம். சேனாவைக் கேட்டால் ரிப்பேருக்குப் போயிருக்கிறது என்கிறாள். சின்ன குக்கர், நாலு தலையணை உறை, அக்காவின் குத்துவிளக்கு, எதுவும் இல்லை. குத்துவிளக்குக்கு என்ன ரிப்பேர்?

உலகப் புகழ்பெற்ற துப்பறிவாளர்கள் என்னிடம் ட்யூஷன் படிக்கலாம். இந்த வீட்டுக்குள் தினமும் வந்துபோகும் அந்நியர் ஒருவரே: பாத்திரம் தேய்க்கும் தவமணி. பதினோரு வருஷமாக வருகிறாள். பதினோரு வருஷமாகத் திட்டம் போட்டிருக்கிறாள்.

அவளைக் கூடத்தின் நடுவில் நிற்கவைத்து, தர்மலிங்க மாமா குரலில் விசாரித்தேன். தொடரில் அந்தக் குரலுக்கு மூன்று பேர் மயங்கி விழுந்திருக்கிறார்கள்.

"இட்லிப் பானையை எந்தக் கடையில போட்ட?"

"சார், வாய் இருக்குன்னு பேசாதீங்க. உங்க வீட்டு எச்சப் பாத்திரம் கழுவுன கை இது. எடுக்கறதா இருந்தா எப்பவோ எடுத்திருப்பேன்."

"அவங்க எடுக்கல மாமா" என்றாள் சேனா.

"உனக்கு ஒண்ணும் தெரியாது. நீ குழந்தை."

"நான் சொல்றேன், அவங்க எடுக்கல."

"அப்ப யார் எடுத்தா?"

சேனா வாயைத் திறந்தாள். பிறகு மூடிக்கொண்டாள். என் தர்க்கத்தின் எதிரில் எல்லோரும் அப்படித்தான். தவமணியை அந்த நிமிஷமே வெளியேற்றினேன். அவள் செருப்பைப் போட்டுக்கொண்டு அழுதாள். சேனா தெரு முனைவரை கூடவே போய் என்னமோ சொன்னாள். திரும்பி வந்து அன்றைக்கு முழுதும் என்னிடம் பேசவில்லை. ரசத்தில் உப்பு இல்லை.

ஜூன் 22, வியாழன்

மொட்டை.

குடும்ப தோஷம் நீங்க மருமகன் தலையை மழிக்கவேண்டும் என்று எழுதினேன். கதாநாயகனுக்கு முடிதான் சோறு. மொட்டை போட்டால் ஆறு மாதத்துக்கு விளம்பரம் கிடையாது, நகைக்கடை கிடையாது. எட்வின் ஒட்டு மொட்டை போதும் என்றான். "ரப்பர் மண்டையைப் பார்த்தா ஜனங்க சிரிப்பாங்க எட்வின்" என்றேன். சலூன்காரரை நானே கூட்டிவந்தேன்.

கத்தி வைப்பதற்கு முன்னால் மாப்பிள்ளையின் காதருகே குனிந்தேன். "ஒரு வார்த்தை போதும். வீட்டுக்கு வர்றேன்னு சொல்லுங்க. தோஷம் வேற ஆளுக்குன்னு மாத்திடறேன்."

"மாமா, நீங்க ஏன் சேனாவை எங்கூட அனுப்ப மாட்டேங்கறீங்க?"

"அவளா வரலேன்னு சொல்றா."

"நீங்க நெஞ்சைப் புடிச்சுக்கிட்டு மூணு வாட்டி உக்காந்தீங்க. அதனால சொல்றா."

எனக்கு நிஜமாகவே நெஞ்சு வலித்தது. அவள் பெட்டி கட்டுகிற நாட்களில் மட்டும் வருகிற நெஞ்சுவலி. மருத்துவ உலகம் இன்னும் பெயர் வைக்கவில்லை.

"போடுங்க" என்றான் மதிவாணன், சலூன்காரரிடம்.

மொட்டையிலும் அவன் நன்றாக இருந்தது எனக்குப் பிடிக்கவில்லை.

ஜூன் 23, வெள்ளி

மொட்டை முன்னோட்டம் நேற்று ராத்திரியே ஓடியது. ஊரே பார்த்துவிட்டது. மொட்டைத் தலையோடு அவனை எண்ணெய் விளம்பரத்துக்குக் கூப்பிட்டிருக்கிறார்கள். 'இப்போதிலிருந்து வளர்த்துக் காட்டுவோம்' என்பதாம். இந்த ஊரில் ஒருவனை அழிக்கக்கூட முடிவதில்லை.

ஜூன் 28, புதன்

வளசரவாக்கம் போய் எதிர் டீக்கடையிலிருந்து அந்த வீட்டை வேவு பார்த்தேன். முகத்தைக் கைக்குட்டையால் மூடியிருந்தேன். டீக்கடைக்காரர் "தர்மலிங்கம் சார், சர்க்கரை போடவா" என்றார். புகழ் என்பது இப்படித்தான், ஒளிய விடாது.

முதல் மாடி பால்கனியில் தவமணி துணி உலர்த்திக்கொண்டிருந்தாள். ஜன்னல் வழியாகத் தையல் மெஷின் தெரிந்தது. அதன் மேல் பச்சை ஜாக்கெட் ஒன்று, பாதி தைத்த நிலையில்.

உடனே எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது. தவமணி திருடிய பொருட்களை மாப்பிள்ளைதான் வாங்கியிருக்கிறான். அவளை வேலைக்கும் வைத்துக்கொண்டிருக்கிறான். திருட்டுக் கும்பலின் தலைவனுக்கு என் பெண்ணைக் கொடுத்திருக்கிறேன்.

ஆனால் மொட்டைக்காரனுக்கு ஜாக்கெட் எதற்கு என்பது மட்டும் புரியவில்லை. அதை இன்னொரு நாள் யோசிக்கலாம்.

சேனா இன்று நான்கு மணி நேரம் கோயிலில் இருந்ததாகச் சொன்னாள். நெற்றியில் விபூதி இல்லை. எனக்கு எதையும் கேட்கத் தோன்றவில்லை.

ஜூலை 3, திங்கள்

சேனல் சம்மதித்துவிட்டது. மருமகன் சாகிறான். கதாநாயகி விதவையாகி, நூறு எபிசோடுக்குப் பழிவாங்குவாள். பாயசத்தில் விஷம் வைப்பவர் தர்மலிங்க மாமா. எழுதுபவனும் நான், ஊட்டுபவனும் நான். எமனுக்கு வேலையே இல்லை.

மேக்கப் அறையில் மாப்பிள்ளையிடம் கடைசியாகப் பேசினேன்.

"வெள்ளிக்கிழமை உங்களுக்கு சாவு. வேலை போச்சு. இன்னிக்குப் பெட்டியோட வீட்டுக்கு வந்தீங்கன்னா கோமாவுல போட்டு ரெண்டு மாசத்துல எழுப்பிடறேன்."

"உங்க வீட்டு மாடியிலயா மாமா?"

"மாடியிலதான். காத்து நல்லா வரும்."

அவன் மொட்டையைத் தடவிக்கொண்டான். "செத்தாப் பரவால்ல மாமா."

ரொம்ப மரியாதையாகச் சொன்னான். அதுதான் என்னைக் கொதிக்கவைத்தது.

ஜூலை 6, வியாழன்

ஒரு சிக்கல், அதற்கு ஒரு தெய்வீகத் தீர்வு.

கதாநாயகி பெங்களூர்ப் பெண். அவளுக்கு அடுத்த மாதம் கல்யாணம். பிணத்துக்குப் பக்கத்தில் உட்கார்ந்து வளையல் உடைக்கமாட்டேன் என்றுவிட்டாள். அவள் அம்மா போனில் கன்னடத்தில் என் வம்சத்தையே விசாரித்தாள். எட்வின் டூப் தேடினான். முக்காடு போட்டால் முகம் தெரியாது. கை மட்டும் அழகாக இருந்தால் போதும்.

"கை எங்க வீட்டுலயே இருக்கு" என்றேன்.

இதில் கொடுமை ஒன்றும் இல்லை. காட்சியைப் பார்த்த நொடியில் சேனா பதறுவாள். 'மாமா, அவரைக் காப்பாத்துங்க' என்பாள். மாப்பிள்ளை அவள் பதறுவதைப் பார்த்து 'வந்துடறேன்' என்பான். நான் தாளைக் கிழிப்பேன். மூவரும் ஒரே ஆட்டோவில் வீட்டுக்கு வருவோம். இப்படி ஒரு உச்சக்கட்டத்தை யாரும் எழுதியதில்லை.

"கையை மட்டும் எடுப்பாங்கம்மா. வளையல் காட்சி."

"வளைகாப்பா மாமா?"

"அந்த மாதிரிதான்."

அவளே போய் இரண்டு டஜன் பச்சைக் கண்ணாடி வளையல் வாங்கிவந்தாள். கையில் அடுக்கி, ஆட்டிக் காட்டினாள். "நல்லா இருக்கா?" என்றாள். நன்றாகத்தான் இருந்தது.

சுவரில் மாலை போட்டு மாட்ட மாப்பிள்ளை படம் ஒன்று வேண்டும். கல்யாண ஆல்பத்திலிருந்து ஒன்றை எடுத்துக் கத்தரித்தேன். சேனாவின் தோள் ஓரத்தில் கொஞ்சம் நின்றுவிட்டது. மாலையில் மறைந்துவிடும்.

ஜூலை 7, வெள்ளி

நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

ஷூட்டிங் பங்களா கூடத்தில் பெஞ்சு போட்டு மாப்பிள்ளையைப் படுக்கவைத்திருந்தார்கள். மூக்கில் பஞ்சு, நெற்றியில் காசு, கால் கட்டைவிரல்கள் சேர்த்துக் கட்டியிருந்தன. சேனா வளையல் சத்தத்தோடு உள்ளே வந்தாள். முதலில் படத்தைப் பார்த்தாள். அருகே போய் மாலையை விலக்கினாள். தோள் இருந்தது. பிறகுதான் பெஞ்சைப் பார்த்தாள்.

"வளைகாப்புன்னீங்க மாமா."

"வளையல் காட்சின்னுதான் சொன்னேன்."

அவள் குரல் கேட்டுப் பிணம் எழுந்து உட்கார்ந்தது. பஞ்சு விழுந்தது. "சேனா, உன்னை யார் கூட்டிட்டு வந்தா? மாமா, இது வேணாம். அவளை விட்டுடுங்க."

நான் தாளை உயர்த்திக் காட்டினேன். "நாளைக்கே வீட்டுக்கு வர்றேன்னு சொல்லுங்க மாப்பிள்ளை. இதைக் கிழிச்சிடறேன். டாக்டர் வந்து நாடி பிடிச்சு, உயிர் இருக்குன்னு சொல்லிடுவார்."

மதிவாணன் வாயைத் திறந்தான். சொல்லப்போனான். சத்தியமாகச் சொல்லப்போனான், உதடு அசைந்துவிட்டது.

"நீங்க படுங்க" என்றாள் சேனா.

"சேனா…"

"ஒண்ணும் சொல்லாதீங்க. கண்ணை மூடிட்டுப் படுங்க. ஒண்ணும் ஆகாது." எட்வினைத் திரும்பிப் பார்த்தாள். "எங்க உக்காரணும் சார்?"

எட்வின் என்னைப் பார்த்தான். நான் கேமராவுக்குப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்துகொண்டேன். அவள் முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு பெஞ்சருகே உட்கார்ந்தாள். ஒரு மணிக்கட்டை இன்னொன்றின் மேல் ஓங்கி ஓங்கி அடித்தாள். இருபத்து நான்கும் உடைந்தன. ஒரே டேக். கையில் ரத்தம். யூனிட்டில் இருந்த பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டார்கள்.

எங்கள் தொழிலில் ஒரு வழக்கம். பிணமாக நடித்தவர் எழுந்து கேமராவைப் பார்த்து ஒரு சிரிப்புச் சிரிக்கவேண்டும். அதையும் படம் பிடிப்பார்கள், தோஷம் போவதற்காக. "மதி, ஒரு சிரிப்பு" என்றான் எட்வின். மாப்பிள்ளையால் முடியவில்லை. அவள் கையைப் பிடித்துக்கொண்டு அழுதுகொண்டிருந்தான். "இன்னிக்கு வேணாம் விடு, கேமரா பேட்டரி தீருது" என்றேன் நான்.

சேனா அவன் காதில் குனிந்து ஒரே ஒரு வாக்கியம் சொன்னாள். மதிவாணன் சிரித்தான். அடக்கமுடியாமல், பெஞ்சு ஆடும்படி சிரித்தான். அதைப் பார்த்து அவளும் சிரித்தாள். லைட்மேன்கள்கூடச் சிரித்தார்கள், என்னவென்று தெரியாமலே. எண்ணூறு எபிசோடு வசனம் எழுதியவன் நான். அவள் என்ன சொன்னாள் என்று எனக்குத் தெரியவில்லை.

கையில் கட்டுப் போட்டுக்கொண்டு என் நாற்காலிக்கு வந்தாள். முகத்தில் கோபம்கூட இல்லை.

"மாமா, இனிமே நெஞ்சைப் புடிக்காதீங்க. புடிச்சாலும் நான் வர மாட்டேன். சாம்பார், ரசம், கூட்டு எல்லாம் டப்பாவுல போட்டு ஃப்ரிட்ஜுல வச்சிருக்கேன். மூணு நாளைக்கு வரும். சூடு பண்ணிச் சாப்பிடுங்க."

இருவரும் ஒரே ஆட்டோவில் போனார்கள். மூன்று பேர் போகலாம் அதில்.

வீட்டுக்கு வந்து பார்த்தேன். டப்பாக்களில் நாள் எழுதி ஒட்டியிருந்தாள். எல்லாம் காலையிலேயே சமைத்தவை. வளைகாப்புக் காட்சிக்குப் போகிறவள் ஏன் மூன்று நாளைக்குச் சமைத்தாள் என்பதையெல்லாம் ஆராய எனக்கு நேரமில்லை. திங்கட்கிழமைக்கு ஏழு காட்சி எழுதவேண்டும்.

ஜூலை 8, சனி

சாம்பார்.

ஜூலை 9, ஞாயிறு

நான்கு முறை போன் செய்தேன். ஐந்தாவது முறை தவமணி எடுத்தாள். "சேனா அக்கா தச்சிட்டு இருக்குது சார்" என்றாள். நெஞ்சு வலிக்கிறது என்று சொல்லச் சொன்னேன். "சொல்லிட்டேன் சார். டாக்டர் நம்பர் குடுக்கச் சொல்லிச்சு. எழுதிக்கிறீங்களா?"

ஜூலை 11, செவ்வாய்

எட்வின் எடிட்டிங் அறைக்குக் கூப்பிட்டான். இரண்டாவது கேமராவில் எடுத்ததை ஓட்டிக் காட்டினான்.

முக்காட்டில் சேனாவின் முகம் மறைந்திருந்தது. கண் மட்டும் தெரிந்தது. வளையலை உடைக்கும்போது அவள் பெஞ்சில் படுத்திருந்தவனைப் பார்க்கவே இல்லை. கேமராவுக்குப் பக்கத்தில், நாற்காலி போட்டிருந்த இடத்தைப் பார்த்து உடைத்தாள். முதல் அடியிலிருந்து கடைசி வரை இமைக்கவில்லை.

"பார்வை தப்பு" என்றேன். "பழக்கமில்லாத பொண்ணு. வெட்டிடு."

"வெட்டறதா? அண்ணே, இதைவிட என்ன வேணும்? விஷம் வச்ச மாமனைப் பாத்து உடைக்கறா. இனிமே நீ எனக்கு செத்தவன்னு சொல்றா மாதிரி இருக்கு. நீங்க எழுதுன நாலு பக்க வசனத்தைத் தூக்கிட்டேன். இதுக்கு எதிர்ல உங்க குளோசப் ஒண்ணு மட்டும் வேணும்."

அதே கூடத்தில், அதே நாற்காலியில் என்னை உட்காரவைத்தார்கள். அவள் இருந்த இடத்தில் ஒரு ஸ்டாண்டில் சிவப்பு நாடா கட்டி, அதைப் பார்க்கச் சொன்னார்கள். முப்பது வருஷத்தில் எனக்கு இரண்டாவது டேக் போனதில்லை. இன்று பதினெட்டு போனது.

"அண்ணே, குத்தவுணர்ச்சி வேணும். நீங்க முறைக்கிறீங்க."

"அண்ணே, இப்ப பாவமா முழிக்கிறீங்க."

"அண்ணே, அழவேணாம். நிஜமா அழுதா கிளிசரின் மாதிரி தெரியுது."

பத்தொன்பதாவது ஓடியது எனக்குத் தெரியாது. காலையில் கடைசி டப்பாவைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு வந்திருந்தேன். மத்தியானம் ஆகிவிட்டதே, இனி வீட்டுக்குப் போய் என்ன செய்வது என்று யோசித்தபடி அந்த நாடாவைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"இதேதாண்ணே" என்றான் எட்வின்.